படி இறங்காத இரண்டு மாதம்

கொழும்பில் கொரோனாவுக்காகப் போட்ட பகல் ஊரடங்கு தளர்ந்து ஒரு கிழமை இருக்கும். திருவலையில் இருந்து தேங்காய் திருவி முடித்த அம்மா எழும்பப் பார்த்தார், முடியவில்லை. மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு "தம்பி, ஒருக்கா கையைத் தா" என்றார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. அன்று பின்னேரம் இரண்டு பேரும் தராசில் ஏறிப் பார்த்தோம். எனக்கு 4 கிலோ கூடியிருந்தது. அம்மா 61 கிலோ, மார்ச் மாதம் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த அதே 61. தனக்கு ஒன்றும் ஏறவில்லை என்று அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குப் பயம் வந்ததே அம்மாவின் இலக்கத்தைப் பார்த்துத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். அதுவரைக்கும் நான் தினமும் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்று மாடிப் படியை இறங்கி, காலி வீதிக்கு நடந்து, 100ஆம் இலக்க பஸ்ஸில் பாதித் தூரம் நின்றுகொண்டே கோட்டைக்குப் போய், அங்கே வேலைத்தலத்தின் படி ஏறி, மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்க இறங்கி, திரும்ப ஏறி, பின்னேரம் இதையெல்லாம் மறுபக்கமாகச் செய்தேன். அம்மா காலையில் கோயில், அப்புறம் சந்தை, வரும்போது இரண்டு கையிலும் பை. உடற்பயிற்சி என்று நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். மே 26 வரை அது அத்தனையும் நின்றது. மரக்கறி லொறி வாசலுக்கு வந்தது, பையை நான் தூக்கினேன், சுவாமிப் படம் வீட்டிலேயே இருந்தது.

ஒரு நாளில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 60 முதல் 70 வீதம் சும்மா படுத்திருந்தாலும் போகும். இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய, உடற்சூடு நிற்க அது வேண்டும். சாப்பிட்டது செமிக்க ஒரு 10 வீதம். மிச்சம்தான் அசைவு, அதிலும் நம்மில் பலருக்கு உடற்பயிற்சியின் பங்கு மிகக் கொஞ்சம். நிற்பது, நடப்பது, கூட்டுவது, துவைப்பது, படி ஏறுவது, பேசும்போது கையை ஆட்டுவது என்று யாரும் எண்ணாத அசைவுகள்தான் பெரும் பங்கு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவினும் கூட்டாளிகளும் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. 16 பேருக்கு 8 கிழமை, தேவைக்கு மேல் தினமும் 1000 கலோரி கொடுத்தார்கள். ஒரே அளவு மிகைச் சாப்பாடுதான், ஆனால் ஒருவருக்கு ஏறிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. கொழுப்பு ஏறாதவர்கள் ஓடவும் இல்லை, பாரம் தூக்கவும் இல்லை. தங்களுக்கே தெரியாமல் கூடுதலாக அசைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் 4 கிலோவுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கும். ஏறியது முழுவதும் கொழுப்பு என்றே வைத்தாலும், அந்த 67 நாளில் நாளொன்றுக்கு 460 கலோரி மிஞ்சியிருக்கிறது. அரை இறாத்தல் பாணில் இருப்பதைவிடக் குறைவு! நடக்காமல் விட்ட 7000 காலடியே அதில் பாதிக்கு மேல் வந்துவிடும். கூடக் குடித்த மூன்று தேத்தண்ணியின் சீனி இன்னொரு நூறு. ஊரடங்கில் வாயைக் கட்டவில்லை என்று எல்லாரும் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டார்கள். அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். பலர் முன்பு சாப்பிட்ட அதே அளவைத்தான் சாப்பிட்டார்கள்.

அப்படியானால் அசைவு குறைந்ததும் பசியும் குறைந்திருக்க வேண்டாமா?

இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது, அதுவும் நம் பக்கத்திலிருந்து. 1956இல் ஜீன் மேயர் என்ற சத்துணவு ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரின் சாப்பாட்டையும் நிறையையும் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இலேசான வேலை தொடங்கிக் கடும் சுமை தூக்குவது வரை, வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, நிறை அப்படியே நின்றது. அதாவது பசி செலவைச் சரியாகப் பின்தொடர்ந்தது. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்களிடம் இந்தக் கணக்குப் பிழைத்துவிட்டது. அவர்கள் இலேசான வேலைக்காரரைவிடக் கூடவே சாப்பிட்டார்கள், நிறையும் கூட இருந்தது. பசி ஒரு அளவுகோல் என்றால், ஒரு மட்டத்துக்குக் கீழே அசைவு போனதும் அது சரியாகக் காட்டாமல் விடுகிறது. அந்த மட்டத்துக்குக் கீழேதான் இரண்டு மாதம் நாங்கள் எல்லாரும் இருந்தோம். இதோடு இரவு இரண்டு மணிவரை செய்தி பார்த்துக்கொண்டிருந்ததையும் சேர்க்க வேண்டும். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறையும். 2004இல் வந்த ஆய்வொன்றில், இரண்டே இரவு 4 மணிநேரம் மட்டும் படுக்க விட்ட இளைஞர்களிடமே இது தெரிந்தது, அவர்களின் மனமும் இனிப்பையும் மாச்சாப்பாட்டையும்தான் தேடியது.

சரி, அம்மாவின் 61க்கு வருகிறேன்.

தராசு மொத்தத்தைத்தான் சொல்லும். தசை ஒரு கிலோ போய்க் கொழுப்பு ஒரு கிலோ வந்தால் முள் அசையாது. டென்மார்க்கில் 10 ஆரோக்கியமான இளைஞர்களைத் தினம் 10,000 காலடியிலிருந்து 1500 காலடி அளவுக்கு நடையைக் குறைக்கச் சொன்னார்கள், இரண்டு கிழமைதான். 2010இல் வந்த முடிவு: காலில் இருந்த கொழுப்பில்லாத நிறை 2.8 வீதம் குறைந்தது, இரத்தச் சீனியைக் குறைக்கும் இன்சுலினுக்கு உடம்பு காட்டும் பதில் 17 வீதம் குறைந்தது. யாரையும் கட்டிலில் கிடத்தவில்லை, நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். இளைஞருக்கே இரண்டு கிழமையில் இது என்றால், 68 வயதில் ஒன்பது கிழமை என்ன செய்யும்? வயது போகப் போக, சாப்பிடும் புரதத்தைத் தசையாக்கும் திறனும் மங்கும், இழந்ததைத் திரும்பப் பிடிப்பதும் கடினம்.

தசை போனால் எழும்ப முடியாமல் போவது மட்டுமில்லை. சோறு சாப்பிட்டதும் இரத்தத்துக்கு வரும் குளுக்கோசின் பெரும் பங்கை இழுத்து வைத்துக்கொள்ளும் களஞ்சியம் தசைதான். அசையும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே கதவைத் திறந்து குளுக்கோசை உள்ளே எடுக்கும், சாப்பிட்ட கையோடு பத்து நிமிடம் நடந்தால் சீனி அவ்வளவாக ஏறாததற்குக் காரணம் இதுதான். அம்மாவுக்கு ஏற்கெனவே சீனி வருத்தம் இருக்கிறது. அதனால்தான் அந்த 61 எனக்குப் பயத்தைத் தந்தது.

நம் ஆட்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடவே வேண்டும். 2004இல் புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக்கும் பிரித்தானிய வைத்தியர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் இலக்கம்) ஒன்றே, 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். தெற்காசியர் பலர் மெலிவாகத் தெரிந்தாலும் தசை குறைந்து, வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். ஆசியர்களுக்கு இந்தச் சுட்டி 23இலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னதும் அதனால்தான். தராசைவிட இடுப்பைச் சுற்றிப் போடும் தையல் நாடா உண்மைக்குக் கிட்ட.

மெலிந்தவர்களையும் மறக்கக் கூடாது. நாட்கூலி நின்று ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்த வீடுகள் இதே நகரத்தில் இருந்தன. போதாத சாப்பாட்டில் குறையும் நிறையில் தசையும் சேர்ந்தே போகும். கொரோனா வந்து காய்ச்சலோடு, வாசனையும் ருசியும் இல்லாமல் படுத்துக் கிடந்தவர்களுக்கும் அப்படித்தான். அவர்களைப் பார்த்து "மெலிந்து வடிவாகிவிட்டாய்" என்று சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன், மனம் நொந்தது.

இனி, என்ன செய்யலாம்? 70 கிலோ உள்ள ஒருவர் மூன்று மாடி ஒரு தரம் ஏறினால் போவது 7 கலோரிதான், ஒரு கரண்டிச் சீனியைத் தீர்க்கவே இரண்டு மூன்று தரம் ஏற வேண்டும். ஆகவே சாப்பிட்டதை எரிக்க என்று படி ஏறினால் அலுத்துப்போய் விட்டுவிடுவோம். தொடைக்கும் பின்புறத்துக்கும் வேலை கொடுக்க என்று ஏறினால் அதன் பெறுமதி வேறு. 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்கிறது. முன்பு இருந்த, ஒரே தொடராகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற நிபந்தனையும் அதில் இல்லை, இரண்டு நிமிடமும் கணக்குத்தான். இதற்கு ஒரு கதிரை போதும். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பித் திரும்ப உட்கார வேண்டும், எழும்பும்போதைவிட மெதுவாக உட்கார வேண்டும்.

அம்மா முதல் நாள் நான்கு தரம் எழும்பினார், ஐந்தாவதில் கை தானாகக் கதிரைப் பிடிக்குப் போய்விட்டது. மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து முட்டையோ மீனோ கூடப் போட்டோம், அவித்த கடலை பின்னேரத் தேத்தண்ணியோடு வந்தது, சாப்பிட்டதும் நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பத்து நிமிடம் நடை. நான்கு பத்தாக இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. தராசில் இப்போதும் 61தான். திருவலையிலிருந்து எழும்ப என்னைக் கூப்பிடுவதில்லை, ஆனால் திருவலையை மட்டும் இன்னும் மேசைக்கால் பக்கமாகவே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.