அமெரிக்க நர்சிங் ஹோம்களுக்கு அரசு தரும் நட்சத்திரங்கள்: எதை நம்பலாம், எதைத் தோண்டிப் பார்க்க வேண்டும்

அமெரிக்காவில் பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவையோ அம்மாவையோ நேரே வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், அடுத்து கேஸ் மேனேஜர் ஒரு பட்டியலோடு வருவார். இடம் காலியாக இருக்கும் நர்சிங் ஹோம்களின், அதாவது நர்சுகளின் பராமரிப்போடு தங்கவைக்கும் இல்லங்களின், பெயர்கள் அதில் இருக்கும். ஓரிரு நாளில் முடிவு சொல்லச் சொல்வார்கள். வெறும் பெயர்களை நீட்டுவதோடு ஆஸ்பத்திரியின் கடமை முடிவதில்லை. 2019-ல் வந்த ஃபெடரல் விதிப்படி, அந்த இடங்களின் தரத் தகவல்களையும் காட்டி, தேர்ந்தெடுக்க அவர்கள் உதவ வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தகவல் பெரும்பாலும் மெடிகேர் இணையதளத்தின் ‘கேர் கம்பேர்’ பகுதியிலிருந்து வருவது. மெடிகேர் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, மெடிகெய்டு வருமானம் குறைந்தவர்களுக்கானது. இரண்டையும் நடத்தும் சி.எம்.எஸ். என்ற ஃபெடரல் அமைப்பு 2008 டிசம்பரில் ஐந்து நட்சத்திர முறையைத் தொடங்கியது. இந்த இரண்டு திட்டங்களில் ஒன்றிலிருந்தாவது பணம் பெறும் நர்சிங் ஹோம்கள் இதில் வரும். அன்றாட வேலைகளில் மட்டும் உதவும் அசிஸ்டெட் லிவிங் விடுதிகள் வராது. அவற்றை மாநில அரசுகளே மேற்பார்வையிடுகின்றன, ஆகவே கேர் கம்பேரில் அவற்றைத் தேடி ஏமாற வேண்டாம்.

பெரும்பாலோர் மொத்த நட்சத்திரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதுதான் அந்தப் பக்கத்தில் மிகக் குறைவாகச் சொல்லும் எண். காரணம், அதைக் கணக்கிடும் விதம்.

மொத்தம் எப்படி வருகிறது

மூன்று தனி மதிப்பெண்கள் இருக்கின்றன: இன்ஸ்பெக்‌ஷன், ஆள்பலம், தர அளவீடுகள். கணக்கு இன்ஸ்பெக்‌ஷன் நட்சத்திரத்தில் தொடங்கும். ஆள்பலத்தில் 5 வாங்கியிருந்தால் ஒன்று கூடும், 1 வாங்கியிருந்தால் ஒன்று குறையும். தர அளவீடுகளுக்கும் அதே விதி. இன்ஸ்பெக்‌ஷனிலேயே 1 நட்சத்திரம் என்றால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு படிக்கு மேல் ஏற முடியாது.

இப்போது இரண்டு இல்லங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று இன்ஸ்பெக்‌ஷனில் 3, ஆள்பலத்தில் 4, தர அளவீட்டில் 3. இன்னொன்று இன்ஸ்பெக்‌ஷனில் 3, ஆள்பலத்தில் 1, தர அளவீட்டில் 5. இரண்டுக்கும் மொத்தம் 3 நட்சத்திரம்தான். இரண்டாவது இடத்தில் மணி அடித்தால் வர ஆள் இருப்பது சந்தேகம், ஆனால் மொத்த எண்ணில் அது தெரியாது. மூன்று வரிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆள்பலம் 1, தர அளவீடு 5 என்ற சேர்க்கை கண்ணில் பட்டால் அங்கேயே நிதானியுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் நட்சத்திரம் மாநிலத்துக்குள் மட்டுமே ஒப்பிடத்தக்கது. ஒவ்வொரு மாநிலத்திலும் மேலே உள்ள 10 சதவீதத்துக்கு 5 நட்சத்திரம், கீழே உள்ள 20 சதவீதத்துக்கு 1 நட்சத்திரம், நடுவில் உள்ளவை மற்ற மூன்றாகப் பிரியும். டெக்சஸில் இருக்கும் 4 நட்சத்திர இல்லத்தையும் மகள் வசிக்கும் நியூ ஜெர்சியின் 4 நட்சத்திர இல்லத்தையும் சமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு அடையாளங்களை முதலிலேயே தேடுங்கள். சிவப்பு வட்டத்துக்குள் உயர்த்திய கை இருந்தால், வசிப்பவர்களைத் துன்புறுத்தியதாக அந்த இல்லத்தின் மேல் குற்றம் பதிவாகியிருக்கிறது: கடந்த ஓராண்டில் உண்மையில் தீங்கு நடந்திருக்கலாம், அல்லது இரண்டு ஆண்டும் தொடர்ந்து தீங்கு நேரக்கூடிய நிலை இருந்திருக்கலாம். மஞ்சள் முக்கோணம் என்றால், மோசமான வரலாறு காரணமாகச் சிறப்புக் கண்காணிப்பில் இருக்கும் இடம். அதற்கு மொத்த நட்சத்திரமே காட்ட மாட்டார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், அதை இந்த ரிப்போர்ட்டுக்குச் செலவிடுங்கள். மாநில அதிகாரிகள் முன்னறிவிப்பில்லாமல் வந்து பல நாள் தங்கிப் பார்த்து எழுதுவது இது. ஒரு இல்லத்தை அதிகபட்சம் 15 மாதத்துக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும்; மாநில சராசரி 12 மாதம் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையால் பல மாநிலங்கள் பின்தங்கியிருக்கின்றன, அதனால் ரிப்போர்ட்டின் தேதியை முதலில் பாருங்கள். புகாரின் பேரில் நடந்த சோதனைகளின் ரிப்போர்ட்டுகளும் தனியாக இருக்கும். அவற்றை விட்டுவிடாதீர்கள்.

2567 என்ற எண்ணுள்ள படிவத்தில் குறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘எஃப்’ என்று தொடங்கும் ஒரு எண் உண்டு. எஃப் 686 படுக்கைப் புண், எஃப் 689 விழுதல் முதலான விபத்துகளும் கண்காணிப்புக் குறைவும், எஃப் 600 துன்புறுத்தலும் கவனிக்காமல் விடுதலும், எஃப் 880 தொற்றுத் தடுப்பு. கூடவே ஏ முதல் எல் வரை ஒரு எழுத்து இருக்கும். தீவிரம் நான்கு படி, பரவல் மூன்று படி, ஆகப் பன்னிரண்டு எழுத்துகள். டி, இ, எஃப் என்றால் தீங்கு நேர வாய்ப்பிருந்தது. ஜி, எச், ஐ என்றால் தீங்கு நடந்தேவிட்டது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து. ஒவ்வொரு மூன்றிலும் முதல் எழுத்து ஓரிருவருக்கு மட்டும் நடந்தது, கடைசி எழுத்து இல்லம் முழுக்கப் பரவியது.

குறை ஒன்றுமே இல்லாத இடம் அரிது. டி எழுத்தில் ஐந்தாறு குறை இருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஒரே ஒரு ஜி இருந்தாலும் அதன் விவரத்தை முழுதாகப் படியுங்கள். நட்சத்திரக் கணக்கில் ஒரு டி-க்கு 4 புள்ளி, ஒரு ஜி-க்கு 20.

விவரம் எப்படி இருக்கும் என்றால், பெயருக்குப் பதிலாக ‘ரெசிடென்ட் 4’ என்று இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அவருடைய கேர் பிளான், அதாவது எழுத்தில் உள்ள பராமரிப்புத் திட்டம். காலை 9:10, 11:30, மதியம் 1:15 என மூன்று முறை அதிகாரி எட்டிப் பார்த்தபோதும் அவர் அதே பக்கமாகவே படுத்திருந்தார் என்று நேரத்தோடு எழுதியிருப்பார்கள். பிறகு உதவியாளரைக் கேட்டதற்கு ‘இன்று ஆள் குறைவு’ என்று அவர் சொன்ன பதில் வரும். இந்த மாதிரிப் பத்தியில் நீங்கள் தேட வேண்டியது ஒன்று: தனி ஒருவர் செய்த தவறா, அல்லது ஆளே இல்லாததால் வந்ததா. அதே எஃப் எண் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வந்தால், திருத்துகிறோம் என்று இல்லம் எழுதிக்கொடுத்த திட்டம் காகிதத்தோடு நின்றுவிட்டது.

இணையம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. கடைசி ரிப்போர்ட்டை யாரும் கேட்காமலே எடுத்துப் படிக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டு ரிப்போர்ட்டுகளைக் கேட்டால் காட்ட வேண்டும். வரவேற்பறையில் அந்த ஃபைலைத் தேடுங்கள். அதைப் பூட்டி வைத்திருக்கும் இடம் வேறு எதையெல்லாம் மறைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆள்பலம்: வாசலிலேயே போடக்கூடிய கணக்கு

இந்த நட்சத்திரம் சம்பளப் பதிவேட்டிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால் பெருமளவு நம்பகமானது. வார இறுதி ஆள்பலமும், ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் 2022 ஜூலையிலிருந்து இதில் சேர்ந்திருக்கின்றன. மூன்று மாதத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற நர்ஸ் ஒருவர்கூட இல்லாமல் நடத்தியிருந்தால், நேரே 1 நட்சத்திரம்.

எது போதுமான அளவு? சி.எம்.எஸ். 2001-ல் வெளியிட்ட ஆய்வு, நீண்டகாலம் தங்குபவருக்கு ஒரு நாளைக்கு 4.1 மணி நேரப் பராமரிப்பு தேவை என்றது, அதில் சி.என்.ஏ. எனப்படும் உதவியாளரின் பங்கு 2.8 மணி. 2024-ல் 3.48 மணியைக் கட்டாயமாக்கக் கொண்டுவந்த விதியை 2025 ஏப்ரலில் டெக்சஸ் ஃபெடரல் நீதிமன்றம் ரத்து செய்தது. எனவே ஒருவருக்கு நாளைக்கு இத்தனை மணி நேரப் பராமரிப்பு என்ற குறைந்தபட்சம் நாடு முழுமைக்கும் கிடையாது. மாநிலங்கள் சில தாமாக வைத்திருக்கின்றன.

ஒவ்வொரு நாளும் எத்தனை நர்சுகள், எத்தனை உதவியாளர்கள், எத்தனை மணி நேரம், வசிப்பவர் எத்தனை பேர் என்பதை ஷிப்ட் வாரியாக எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்பது விதி. அந்தத் தாளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். வசிப்பவர் 60 பேர். காலையில் 6, மாலையில் 5, இரவில் 3 உதவியாளர்கள், ஆளுக்கு 8 மணி நேரம். 14-ஐ 8-ஆல் பெருக்கினால் 112 மணி. 60-ஆல் வகுத்தால் ஒருவருக்கு 1.87 மணி, ஆய்வு சொன்ன 2.8-ஐ விட வெகு குறைவு. காலையில் ஒருவர் பத்துப் பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்ட வேண்டும். இரவில் ஒருவர் இருபது பேரைப் பார்க்க வேண்டும். இந்தத் தாளில் நேற்றைய தேதியோ போன வாரத் தேதியோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தர அளவீடுகளை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்

இதில் பெரும்பகுதி வசிப்பவர் ஒவ்வொருவரின் நிலையையும் பற்றி இல்லமே எழுதி அனுப்பும் எம்.டி.எஸ். என்ற மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து வருவது. படுக்கைப் புண்ணையும் பலத்த காயத்தோடு விழுந்ததையும் பதிவு செய்யாமல் விட்டால் எண் அழகாகிவிடும். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தது, எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனது ஆகியவை மெடிகேர் பில்லிலிருந்து வருவதால் அவற்றை மறைப்பது கடினம். அந்த வரிகளை நம்பலாம்.

மனநோய்க்கான ஆன்டிசைக்காட்டிக் மருந்து எத்தனை பேருக்குத் தரப்படுகிறது என்பதையும் பாருங்கள். மறதிநோய் உள்ள முதியோருக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டும் என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. ஆனாலும் ஆள் குறைந்த இடங்களில் நோயாளியை அடக்கி வைக்கக் கொடுக்கிறார்கள். ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதனால் ஆதாரமில்லாமல் அந்த நோயின் பெயரை எழுதிவிடும் பழக்கம் வந்தது. இதைப் பிடிக்க 2023 ஜனவரியில் சி.எம்.எஸ். தணிக்கை தொடங்கியது. உங்கள் அம்மாவின் மருந்துப் பட்டியலில் புதிய பெயர் வந்தால், எந்த நோய்க்கு, யார் சம்மதத்தோடு என்று கேளுங்கள்.

நேரில் போகும்போது

ஞாயிறு மாலை சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அழைப்பு விளக்கு எரிந்தபின் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார், தட்டு கைக்கெட்டாத தூரத்தில் ஆறிக்கிடக்கிறதா, ஊட்டிவிடுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. சத்தான சிற்றுண்டி கொடுத்து, வசிப்பவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் 16 வரை.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு விஷயம் தனியாகக் கேட்க வேண்டும். உணவு மெனு வசிப்பவர்களின் மத, பண்பாட்டுத் தேவைகளுக்கு ஏற்ப இருக்க இல்லம் முயற்சி செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் சாலடும் சீஸும்தான் வரும். பருப்பு, தயிர், சோறு என்று பொருளைச் சொல்லிக் கேர் பிளானில் எழுதச் சொல்லுங்கள். எடையை மாதாமாதம் கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் கவலைப்பட வேண்டிய அளவு. 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57-க்கு வந்தாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டார்.

மற்றொன்று மொழி. மறதிநோய் முற்றும்போது ஆங்கிலம் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சுவது உண்டு. ‘வலிக்குது’ என்பது புரியாவிட்டால், முரண்டு பிடிக்கிறார் என்று பதிவாகிவிடும். எம்.டி.எஸ். படிவத்தின் ஏ1110 என்ற கேள்வி, விருப்ப மொழியையும் மொழிபெயர்ப்பாளர் தேவையா என்பதையும் கேட்கிறது. அதில் தமிழ் என்றும் தேவை என்றும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சேர்க்கும்போது நீட்டும் கட்டுத் தாள்களில் இரண்டை நிதானமாகப் படியுங்கள். பெற்றோரின் கட்டணத்துக்கு நீங்கள் சொந்தப் பொறுப்பு ஏற்கிறீர்கள் என்ற வாசகத்தில் கையெழுத்திட வேண்டும் என்று இல்லம் கட்டாயப்படுத்த முடியாது; அவர்களுடைய பணத்தை நிர்வகிப்பவர் அந்தப் பணத்திலிருந்து கட்டச் சொல்லலாம், அவ்வளவே. கோர்ட் வழக்குக்குப் பதில் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது தனியார் நடுவரின் தீர்ப்புக்கு, ஒப்புக்கொண்டால்தான் இடம் என்றும் சொல்ல முடியாது. கையெழுத்திட்டுவிட்டாலும் 30 நாளுக்குள் விலக்கிக்கொள்ளலாம்.

சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஆரம்பக் கேர் பிளான் தயாராக வேண்டும், அதன் சுருக்கத்தை உங்களிடம் தர வேண்டும். மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால், இரண்டு வேலை நாள் முன்னறிவிப்பில் தர வேண்டும். ஏதேனும் தவறு நடந்தால் முதலில் இல்லத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், அறை எண், ஷிப்ட் எல்லாம் இருக்கட்டும். புண்ணோ காயமோ இருந்தால் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லை என்றால், எல்லா மாநிலங்களிலும் இருக்கும் நீண்டகாலப் பராமரிப்பு ஓம்பட்ஸ்மனை, அதாவது வசிப்பவர்களின் சார்பில் புகாரைத் தீர்க்க முயலும் அலுவலரை, கூப்பிடுங்கள். இது இலவசம், நீங்கள் சம்மதிக்காமல் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். துன்புறுத்தலோ கடும் காயமோ என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் மாநில இன்ஸ்பெக்‌ஷன் துறையிலேயே புகார் கொடுங்கள். அத்தகைய சம்பவத்தை இல்லமே இரண்டு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்பதையும் புகாரில் ஒரு கேள்வியாகச் சேருங்கள்.