மூடிய கடலிலிருந்து வெளியே வரும் மீன்

மீன்பாடு குறைந்து நொந்துபோயிருக்கும் கரையில் போய், "இருக்கிற இடத்திலும் ஒரு பகுதியில் வலை போடாதீர்கள்" என்றால் எரிச்சல்தான் வரும். பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவு மீனவர்கள் 1982-ல் அதற்குச் சம்மதித்தார்கள். உயிரியலாளர் ஏஞ்செல் அல்கலா பலமுறை பேசிய பிறகு, தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மூடினார்கள். ஆண்டுகள் போகப்போக உள்ளே மீன் பெருகியது. நெரிசல் கூடியதும் சில வகைகள் எல்லைக்கு வெளியேயும் வரத் தொடங்கின.

இதைவிடப் பெரிய லாபம் முட்டையில் இருக்கிறது. 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு அட்லாண்டிக் காட் மீன், 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடும். அந்த 28-ன் மொத்த எடையோ 56 கிலோ! மீன் வளர வளர, எடை கூடுவதைவிட வேகமாக முட்டை கூடுகிறது. நாம் முதலில் பிடித்துத் தீர்ப்பது இந்தப் பெரிய தாய்மீன்களைத்தான். மூடிய பகுதியில் அவை பிழைத்துக் கிடக்க, முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தோடு வெளியே பரவுகின்றன. பாறையை விட்டு அதிகம் நகராத மீன்களுக்குத்தான் இது நன்றாகப் பலிக்கும். கடல் கடந்து திரியும் சூரைக்குச் சின்ன மூலையை மூடி என்ன பயன்?

சரி, வேலி இல்லாத கடலுக்குக் காவல் யார்? ரோந்துப் படகு எல்லா நேரமும் நிற்காது. எந்தப் படகு எப்போது எங்கே போகிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்கே தெரியும். மெக்சிகோவின் காபோ புல்மோ கடற்பகுதி 1995-ல் தேசியப் பூங்காவானது. ஊர்க்காரர்களே உள்ளே மீன்பிடிப்பதை நிறுத்திக் காவலும் காத்தார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையே அங்கே மீன்களின் மொத்த எடை 460 விழுக்காட்டுக்கு மேல் கூடியது.

ஆனால் ஒரு ஊர் மட்டும் கட்டுப்பட்டால் போதாது. மடகாஸ்கரின் அந்தாவதுவாக்கா கிராமத்தார் 2004-ல் ஒரு பாறைத்திட்டில் ஆக்டோபஸ் பிடிப்பதை ஏழு மாதம் நிறுத்தினார்கள். ஆக்டோபஸ் மளமளவென எடை போடும் உயிர்; அதனால் பலன் சீக்கிரமே தெரிந்தது. திறந்த அன்றோ அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டு வந்து அள்ளிவிட்டன. மாதக்கணக்கில் பொறுத்திருந்து காத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதன்பின் பல கிராமங்கள் கூடிப் பேசி, எப்போது மூடுவது, எப்போது திறப்பது, மீறினால் என்ன அபராதம் என்பதையெல்லாம் 'தினா' எனப்படும் ஊர்ச் சட்டத்தில் எழுதிக்கொண்டன.