நிரல்: தறியில் கோத்த வரிசை

பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழி தொடங்கும் நாள். கரும்பலகையில் ‘நிரல்’ என்று எழுதி, அதன் கீழே ‘ஒரு வேலையை முடிக்கக் கணினிக்குத் தரும் கட்டளைகளின் வரிசை’ என்று எழுதினேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், பத்தாவது கணக்குல நிரைன்னா குறுக்க, நிரல்னா மேலருந்து கீழன்னு படிச்சோம். இங்க நிரல்னா புரோகிராம்ங்கறீங்க. எது சரி?”

ரெண்டும் சரி என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மணி அடித்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரே சொல் ஏன் இரண்டு இடத்துக்குப் போனது என்று சொன்னால்தானே அது பதில்?

நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. கணினிக்காக யாரும் புதிதாகச் செய்த சொல் அல்ல. செய்யுளில் சொற்கள் கூடிப் பொருள் தரும் நான்கு முறைகளைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் அடுக்கும்போது முதலில் நிற்பது நிரல்நிறை. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளிலும் இது உண்டு. தமிழ் வகுப்பில் இதற்குக் காட்டும் குறள் பிள்ளைகளுக்கு மனப்பாடம்:

அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை
பண்பும் பயனும் அது.

இல்வாழ்க்கைக்குப் பண்பு எது, பயன் எது? முதல் அடியில் அன்பு முன்னே, அறன் பின்னே. இரண்டாம் அடியில் பண்பு முன்னே, பயன் பின்னே. முதலாவதோடு முதலாவதையும் இரண்டாவதோடு இரண்டாவதையும் சேர்த்தால் அன்புதான் பண்பு, அறன்தான் பயன். இணைத்துக் காட்ட ஓர் உருபும் அங்கே இல்லை. சொல் நிற்கிற இடமே பொருளைத் தருகிறது. ‘பயனும் பண்பும்’ என்று இடம் மாற்றிப் பாருங்கள். சொற்கள் அதே சொற்கள்தான், பொருள் வேறாகிவிடும். கணினிக்கு எழுதுகிற ஒவ்வொரு நிரலிலும் நடப்பது இதுவேதான். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்பேன்.

நிரையும் இதே குடும்பம். ஆநிரை என்றால் மாட்டுக் கூட்டம். சாரையாகப் போவது கண்ணில் வரும். யாப்பில் நேர், நிரை என்று அசைக்குப் பெயர். கணக்கில் எண்களைக் கட்டமாக அடுக்கும் அணி என்ற பாடம் வந்தபோது குறுக்கு வரிசைக்கு ஒன்று, நெடுக்கு வரிசைக்கு ஒன்று என இரண்டு பெயர் வேண்டியிருந்தது. நிரையைக் குறுக்குக்கும் நிரலை நெடுக்குக்கும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் திசை கணக்குக்காக வைத்த ஏற்பாடு. கூட்டம் நடத்துகிறவர்கள் ‘நிகழ்ச்சி நிரல்’ அச்சடிக்கும்போது நெடுக்கா குறுக்கா என்று யாரும் கேட்பதில்லை. எதற்குப் பின் எது என்பதுதான் அங்கே பேச்சு.

இனி புரோகிராம். கிரேக்கத்தில் ‘புரோ’ என்றால் முன்னால், ‘கிராஃபெயின்’ என்றால் எழுதுவது. ஊரார் பார்வைக்கு முன்னால் எழுதி வைக்கும் பொது அறிவிப்புக்கு அங்கே ‘புரோகிரம்மா’ என்று பெயர். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கச்சேரியில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற பட்டியலுக்கும் அதுவே பெயரானது. கோயில் திருவிழாவில் ‘இன்னைக்கு ராத்திரி என்ன புரோகிராம்?’ என்று நாம் கேட்பது அந்தப் பொருளில்தான். 1940-களில் மின்னணுக் கணினிகள் பிறந்தபோது அவற்றுக்குக் கொடுக்கும் வேலைப் பட்டியலுக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

ஆக, கிரேக்கச் சொல் ‘முன்கூட்டியே எழுதியது’ என்ற பக்கத்தைக் காட்டுகிறது. நம் சொல் ‘வரிசையாக நிற்பது’ என்ற பக்கத்தைக் காட்டுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. எழுதிவிடுவது எளிது, வரிசைதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ‘அ’ என்ற மாறியில், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்தில், 5 இருக்கிறது, ‘ஆ’ என்பதில் 7. இரண்டின் மதிப்பையும் இடம் மாற்ற வேண்டும். ஒரு டம்ளரில் காப்பி, இன்னொன்றில் மோர் இருந்தால் மாற்றுவதற்கு மூன்றாவது டம்ளர் வேண்டுமே, அதுபோல ‘இ’ என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இ = அ
அ = ஆ
ஆ = இ

முதல் வரியில் ‘இ’ 5 ஆகிறது. அடுத்து ‘அ’ 7 ஆகிறது. கடைசியில் ‘ஆ’ 5 ஆகிறது. வேலை முடிந்தது. இப்போது முதல் இரண்டு வரியை மட்டும் மேல் கீழாக மாற்றுங்கள். முதலில் ‘அ’ 7 ஆகிவிடும். பிறகு ‘இ’க்குப் போவதும் 7. கடைசியில் ‘ஆ’வும் 7. அந்த 5 எங்கே போனது? எங்கேயும் இல்லை, அழிந்துவிட்டது. வரி ஒன்றும் குறையவில்லை, எழுத்துப் பிழையும் இல்லை, கணினியும் தவறு என்று சொல்லாது. நிரல் குலைந்தது, அவ்வளவுதான்.

இதை நடத்திய வாரத்தில்தான் அந்த மாணவியின் வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று. வீடு அம்மாப்பேட்டையில்; அப்பா, அம்மா இருவரும் தறியில். வாசலைத் தாண்டும்போதே தறிச் சத்தம். “வாங்க சார், உட்காருங்க” என்ற அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டுத் துணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பார்டரில் அன்னம். மூன்று அன்னத்துக்கும் கழுத்தில் ஒரே இடத்தில் ஒரு முறிவு.

தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளை போட்ட அட்டைகள், ஒன்றின் விளிம்பு இன்னொன்றோடு கயிற்றால் கோத்து, சங்கிலியாகத் தொங்குகின்றன. மிதியை மிதிக்கும்போது பெட்டியிலுள்ள நான்கு பக்கக் கட்டை கால் சுற்றுத் திரும்பி ஒரு புது அட்டையை ஊசி வரிசையின் முன் கொண்டுவந்து அழுத்தும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதன் கொக்கி நின்ற இடத்தில் நின்று, மேலே ஏறும் பட்டையில் மாட்டி நெடுக்கு நூலான பாவைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளும், கொக்கி விலகிவிடும், நூல் கீழேயே கிடக்கும். ஏறிய நூலுக்கும் கிடக்கும் நூலுக்கும் நடுவே நாடா என்ற நூல் ஓட்டும் கட்டை ஓடி, ஊடை என்ற குறுக்கு நூலைப் போடும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. துளை உண்டு, துளை இல்லை: ஒன்று, பூச்சியம் என்று நான் பலகையில் எழுதுகிற இருநிலை எண் அங்கே தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

“நேத்து கயிறு அறுந்துபோச்சுங்க சார். அவசரத்துல கோத்துட்டேன்” என்றார். ஸ்டூல் போட்டு ஏறி, அட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. நான்கு அட்டைகள் தலைகீழ் வரிசையில் கோக்கப்பட்டிருந்தன. எல்லா அட்டையும் இருந்தது, துளைகளிலும் பழுதில்லை. வரிசைதான் புரண்டிருந்தது. கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் சங்கிலி சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வோர் அன்னத்தின் கழுத்தையும் அதே இடத்தில் முறித்திருக்கிறது. “சார், அ, ஆ, இ மாதிரியே இருக்கு” என்றாள் மகள். இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

இந்த ஒப்புமை நாங்கள் கண்டுபிடித்ததும் அல்ல. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார். துளையிட்ட தாளால் தறியை ஆளும் முயற்சி அங்கே 1725-இலேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்புப் பொறி என்ற இயந்திரக் கணினி கட்டளைகளை வாங்கிக்கொள்ள இருந்தது துளை அட்டைகளில்தான். ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைப் பாபேஜ் தம் வீட்டில் வைத்திருந்தார். அந்தப் பொறி முழுதாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை. ஆனால் 1843-இல் அதைப் பற்றி எழுதிய ஏடா லவ்லேஸ், ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதுபோல இந்தப் பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்றார். பெர்னூலி எண்கள் என்ற கணித வரிசையைக் கணக்கிட அவர் படிப்படியாகப் போட்டுக்காட்டிய அட்டவணையைப் பலரும் உலகின் முதல் நிரல் என்று சொல்கிறார்கள்.

1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டையால் எண்ணினார். 1928-இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த அட்டையில் 80 நெடுக்கு வரிசைகள் இருந்தன, அதாவது கணக்குப் பாடத்தின்படி 80 நிரல்கள். பிறகு கணினி வந்தபோது நிரலின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டையில் ஏறியது. என் மாணவி கேட்ட இரண்டு நிரலும் அந்த ஒரே அட்டையில் கூடியிருந்தன! அட்டைக் கட்டு கைதவறி விழுந்தால் பெரும்பாடு. அதற்காகவே கட்டின் ஓரத்தில் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கோடு முறியாமல் வந்தால் வரிசை சரி.

தறிச் சங்கிலிக்கும் கணினி நிரலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, அதைப் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது. அட்டை தான் நெய்ததைத் திரும்பிப் பார்க்காது. நூல் அறுந்தாலும் அடுத்த அட்டை வரும். கணினி நிரலில் ‘மதிப்பெண் 35-க்குக் குறைந்தால் இந்த வரிக்குப் போ, இல்லையென்றால் அந்த வரிக்குப் போ’ என்று நிபந்தனை வைக்கலாம். பாபேஜின் வடிவமைப்பில் இதற்கும் இடம் இருந்தது. அப்படியானால் வரிசை என்ற பொருள் போதுமா? போதும் என்றே நினைக்கிறேன். எந்த வழியில் பிரிந்தாலும் அந்த வழிக்குள் மறுபடியும் ஒரு வரிசைதான்.

தமிழில் எழுத நிரல் வசதியான சொல். மூன்றெழுத்து, பிற சொல்லோடு ஒட்டும். எழுதுகிறவர் நிரலர், எழுதும் செயல் நிரலாக்கம், அடிப்படை எழுத்து மூலநிரல், கெடுதல் செய்வது நச்சுநிரல். இலங்கைப் பாடநூல்களில் செய்நிரல் என்கிறார்கள். செயலும் வரிசையும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் நம் பிள்ளைகள் தேர்வில் எழுத வேண்டியது பாடநூலில் உள்ள நிரல்தான்.

பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஏற்றி இயக்கும் நிரல்களின் தொகுப்பு மென்பொருள். கைப்பேசியில் தொட்டுத் திறக்கிறோமே, அது செயலி. நிரல் எழுதுவதற்கு முன்னால் ‘முதலில் இது, பிறகு அது’ என்று எந்தக் கணினி மொழியும் இல்லாமல் தீர்வை யோசித்து வைக்கிறோமே, அது அல்காரிதம். நம் பாடநூலில் நெறிமுறை. வலையமைப்புப் பாடத்தில் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளுக்கும் அதே நெறிமுறை வந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது பிள்ளைகளுக்குச் சுமை. நான் வகுப்பில் அல்காரிதத்துக்குப் படிமுறை என்றே சொல்லி, அடைப்புக்குள் நெறிமுறை என்றும் எழுதச் சொல்கிறேன்.

திரும்பத் திரும்ப இயங்கும் கட்டளைக்குப் பாடநூல் தரும் பெயர் மடக்கு. வந்த சொல்லே செய்யுளில் மீண்டும் வருவதற்கு அணி இலக்கணம் வைத்த பெயர் அது. அந்தப் பாடம் வந்த நாளில் நான் பலகையில் சொல்லை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது பெஞ்சிலிருந்து குரல் வந்தது: “கடைசி அட்டையை முதல் அட்டையோட கட்டறதுங்களா சார்?”