பால் கொடுக்கும்போது வலிக்கிறதா? முதலில் பிடிப்பைப் பாருங்கள்

"ஒரு மாசம் வலிக்கத்தான் செய்யும், காம்பு மரத்துப்போனால் சரியாகிவிடும்." இதைக் கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்து, காம்பு வெடித்து ரத்தம் கசிந்த பிறகே வருகிறார்கள். இன்னும் எத்தனை தாய்மாரை இப்படிப் பார்ப்பது? பெரியவர்களே, தயவுசெய்து இந்த ஆறுதலை நிறுத்துங்கள். முதல் சில நாட்கள், குழந்தை வாய் வைத்ததும் அரை நிமிடம் சுருக்கென்று இருக்கலாம். குடித்து முடிக்கும்வரை வலித்தால் பெரும்பாலும் பிடிப்பு, அதாவது குழந்தை மார்பைக் கவ்வும் விதம், தவறு. காம்பு மரத்துப்போகாது, புண்தான் ஆழமாகும்.

குழந்தை காம்பைச் சப்பிக் குடிக்கிறது என்ற நினைப்பில்தான் எல்லாம் கெடுகிறது. காம்போடு, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும், அதிலும் கீழ்ப்பக்கம் கூடுதலாக, வாய்க்குள் போக வேண்டும். அப்போது காம்பின் நுனி, கெட்டியான அண்ணம் (வாயின் மேற்கூரை) முடிந்து மெத்தென்ற அண்ணம் தொடங்கும் இடத்தருகே நிற்கும். நாக்கு கீழ் ஈறின் மேல் நீண்டு, ஓரங்கள் மேலே வளைந்து, மார்பைத் தாங்கும். தாடையோடு நாக்கு கீழிறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் பாயும். வெறும் காம்பு மட்டும் போனால், கெட்டியான அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் அது நசுங்கும். குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள்: தட்டையாகவோ, சாய்வாக அழுந்தியோ, வெளுத்தோ இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. பாலும் சரியாக வராது. உடனே "பால் பத்தவில்லை" என்று பாட்டிலைத் தேடுகிறார்கள்!

குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். காம்புக்கு நேரே மூக்கு. மேலுதட்டைக் காம்பால் வருடிவிட்டு, கொட்டாவி விடுவதுபோல வாய் அகலத் திறக்கும்வரை பொறுங்கள். அவசரம் வேண்டாம். திறந்ததும், மோவாய் முதலில் மார்பில் படும்படி குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோகாதீர்கள். பின்மண்டையை அழுத்தவே கூடாது, அழுத்தினால் தலையைப் பின்னுக்கு இழுக்கும். தோளையும் பிடரியையும் தாங்கினால் போதும். வலித்தால் வெடுக்கென்று பிடுங்காமல், சுத்தமான சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி தொடங்குங்கள்.

கன்னம் குழிவதும் 'டக் டக்' என்ற சத்தமும் வெற்றிடம் விட்டுவிட்டுப் போவதைக் காட்டும். பால் நன்றாக வரும்போது வேகமான சப்பல் நிதானமாகி, ஏறக்குறைய நொடிக்கு ஒன்றாகும். விழுங்குவதும் கேட்கும்.

நாக்கடியில் சவ்வு தெரிகிறது, வெட்டிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: சவ்வு எல்லோருக்கும் உண்டு. நாக்கு கீழ் ஈறைத் தாண்டுகிறதா, அழும்போது மேலெழுகிறதா என்பதே கணக்கு. பிடிப்பைத் திருத்திய பிறகும் வலி தொடர்ந்தால், அல்லது எடை ஏறாவிட்டால், பாலூட்டுவதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுபவரிடம் காட்டி முடிவெடுங்கள்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, குடிக்க எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலோ, அன்றே மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரமாகியும் பிறந்த எடை திரும்பாவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள்.