மழைக்காட்டு இரவில் உடல் சூடு எங்கே போகிறது?

கோலாலம்பூரில் டிசம்பர் இரவுகூடப் பெரும்பாலும் 23, 24 டிகிரி செல்சியஸ் வரைதான் இறங்கும். மின்விசிறி சுழலாவிட்டால் உறக்கம் வராது. அந்த ஊர்க் கூட்டாளிகள் ஆறு பேர் பள்ளி விடுமுறையில் உலு லங்காட் பக்கம் காட்டில் ஓர் இரவு தங்கினால், விடியற்காலை 3 மணிக்கு அவர்களில் இருவராவது பல் கிட்டிக்க எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். பனி பெய்யவில்லை, காற்றின் வெப்பநிலை 19 டிகிரிதான். அப்படியும் உடல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் பெரும்பங்கு தண்ணீருடையது, மிச்சம் தரையுடையது. உயரத்தின் பங்கு பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

உயரத்தின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மேலே போகும் காற்று விரிந்து குளிர்கிறது. 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலாங்கூர் மாநிலத்தின் உயரமான மலைகளில் ஒன்றான நுவாங் 1,493 மீட்டர். நகரில் 24 டிகிரி என்றால் அதன் உச்சியில் 15, 16 எதிர்பார்க்கலாம், பாதி வழியில் முகாம் போட்டால் 19, 20. நன்றாக உலர்ந்த உடலுக்கு ஒரு கைலியும் மெல்லிய போர்வையும் போதுமான குளிர் இது. நனைந்த உடலுக்கோ ஆபத்தான குளிர்.

உடலின் வரவு செலவு

உறங்கும் உடல் ஏறக்குறைய 75 வாட் சூடு உண்டாக்குகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப்போல. ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல், எனவே எட்டு மணி நேரத்துக்கு அது சுமார் 21.6 லட்சம் ஜூல். இரவு முழுவதற்கும் வரவு இவ்வளவுதான். இப்போது செலவைப் பாருங்கள். தோலை ஒட்டியிருக்கும் ஒரு கிராம் நீர் ஆவியாக 2,400 ஜூல் வேண்டும். ஒரு லிட்டருக்கு 24 லட்சம். ஈரத்துணியோடு படுத்து, அதிலுள்ள ஒரு லிட்டர் நீரை உடல் சூட்டிலேயே உலர்த்த நினைத்தால், இரவு வரவு முழுவதையும் கொடுத்தாலும் கடன் தீராது.

துணியில் ஒரு லிட்டர் நீர் இருக்குமா என்று ஐயப்படுபவர்கள், வீட்டில் ஒரு ஜீன்ஸையும் பருத்தி டி-சட்டையையும் உலர்ந்த நிலையில் எடைபோட்டு, நனைத்து, கையால் லேசாகப் பிழிந்துவிட்டு மீண்டும் எடைபோடட்டும். கூடுதலாக வரும் ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் இழைக்குள் நீர் புகுவதில்லை என்று சொல்லலாம், இழைகளுக்கு இடையில் மட்டும் நிற்கும். அதனால்தான் விளையாட்டுச் சட்டை இறுகப் பிழிந்தால் பாதி உலர்ந்ததுபோல ஆகிவிடுகிறது, ஜீன்ஸ் மறுநாளும் கனக்கிறது.

மழைக்காட்டின் காற்று ஏற்கெனவே ஈரமாயிற்றே, அங்கே ஆவியாதல் நடக்குமா என்பது நியாயமான கேள்வி. நடக்கும். 19 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் நீராவி அழுத்தம் 2.2 கிலோபாஸ்கல். தோலால் சூடேறி 30 டிகிரியில் இருக்கும் ஈரத்துணியின் மேற்பரப்பில் அது 4.2. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீராவி நகரத்தான் செய்யும். போதாததற்கு, அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 23 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். துணியின் இழைகளுக்கு இடையே காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், அந்தத் துணி போர்வையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

எனவே மழைக்காட்டு முகாமின் தலையாய விதி: ஒரு செட் உறக்க உடை எந்த நிலையிலும் நனையக் கூடாது. ஒரு கைலி அல்லது தளர்ந்த நீளக்கால்சட்டை, ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு ஜோடி காலுறை. தடித்த குப்பைப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டி, இன்னொரு பையில் இடுங்கள். முதுகுப்பையின் மழையுறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் வழியாகவும், ஆற்றைக் கடக்கும்போது அடிப்பக்கம் வழியாகவும் நீர் உள்ளே வரும். முகாமை அடைந்ததும் முதலில் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே நின்று உடலைத் துடைத்து, அதன் பிறகே பையைத் திறக்க வேண்டும்.

மறுநாள் காலையில்தான் பலர் தவறுகிறார்கள். ஈரச்சட்டையை மீண்டும் மாட்டும்போது உடல் கூசும். அதற்கு அஞ்சி உலர்ந்த உடையிலேயே நடக்கத் தொடங்கினால், பத்தாவது நிமிடத்தில் இலைகளின் நீர் அதையும் நனைத்துவிடும். இரண்டாம் இரவுக்கு எதுவும் மிஞ்சாது. நடக்கும் உடல் உறங்கும் உடலைவிடப் பல மடங்கு சூடு உண்டாக்குவதால், ஈர உடையின் குளிர் கால்மணி நேரத்தில் மறந்துபோகும்.

முதுகின் கீழே

10 மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரைப்பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோல் 33 டிகிரி, மண் 20 டிகிரி, உடல் பாயைத் தொடும் பரப்பு அரை சதுரமீட்டர் என்றால், பாய் வழியே மண்ணுக்குப் போகும் சூடு சுமார் 26 வாட். தடிப்பு 5 மில்லிமீட்டர் என்றால் 52 வாட், அதாவது உடலின் வரவில் மூன்றில் இரண்டு பங்கு. உடையும் மண்ணும் சூட்டைத் தடுக்கவே இல்லை என்று கொண்ட மேலெல்லைக் கணக்கு இது. உண்மையில் இழப்பு குறைவாகவே இருக்கும், ஆனால் பாயின் தடிப்பு ஏன் முக்கியம் என்பது இதிலேயே விளங்கும். உறக்கப்பை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பையின் பஞ்சு உடல் எடையில் நசுங்கி, உள்ளே இருந்த காற்றை இழந்துவிடுகிறது.

பெரிய காற்று மெத்தை வாங்கினால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 20 சென்டிமீட்டர் உயரமிருந்தும் அது குளிரும். உள்ளே தடுப்பில்லாத காற்று, நாம் புரளும்போதெல்லாம் கலங்கிச் சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோகிறது. நுரையில் காற்று சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது, அதனால் நகர முடிவதில்லை.

ஹேமக் என்பது பெரியவர்களுக்கான ஏணைதான். ஈர மண், அட்டை, எறும்பு எல்லாவற்றிலிருந்தும் தூக்கிப் பிடிக்கும். ஆனால் அதன் அடிப்பக்கம் முழுவதும் காற்றோட்டத்துக்குத் திறந்து கிடக்கிறது. 19 டிகிரி இரவில் வெறும் நைலான் ஏணையில் படுத்தவருக்கு முதுகுதான் முதலில் குளிரும், மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் சரி. உள்ளே ஒரு நுரைப்பாய் விரித்தால் போதும். இரட்டைத் துணி ஹேமக் என்றால் பாயை இரு அடுக்குகளுக்கும் நடுவே செருகுங்கள், நழுவாது. கட்டுக்கயிறுகள் இரண்டிலும், தார்ப்பாயின் நிழலுக்குள், ஒரு துணித்துண்டை முடிந்து தொங்கவிடுங்கள். மரத்தில் வழியும் மழைநீர் கயிற்றைப் பற்றிக்கொண்டே படுக்கைவரை வரும், துணித்துண்டு அதை வழியிலேயே சொட்டவைத்துவிடும்.

மூடிய கூடாரத்தின் உட்சுவரில் காலையில் நீர் வழிந்தால் அது ஒழுகுகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஒரு கிளாஸ் வரை நீரை வெளியேற்றுகிறார். 24 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கும் நீராவி சுமார் 22 கிராம், 18 டிகிரியில் 15 கிராம். மிச்சம் சுவரில் துளிகளாகப் படிகிறது. மேலுறை உட்துணியைத் தொடாமல் இழுத்துக் கட்டி, எதிரெதிர் திசைகளில் இரண்டு திறப்புகளை விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இடம்

குளிரைவிட வேகமாகக் கொல்வது ஆறு. மேலே மலையில் பெய்த மழை, கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஒரே சுவராக இறங்கி வரும். மலாயில் இதைக் கெப்பாலா ஆயிர் என்கிறார்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவதும், மேலிருந்து இரைச்சல் கேட்பதும் அதன் அறிகுறிகள். அப்போது பொருட்களை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். மணல்திட்டு எவ்வளவு சமமாக இருந்தாலும் அங்கே கூடாரம் போடாதீர்கள். மரக்கிளைகளில் பழைய வெள்ளச் சருகு சிக்கியிருக்கும் உயரத்தைப் பாருங்கள், படுக்கை அதற்கும் நன்றாக மேலே இருக்கட்டும்.

சரிவின் அடிவாரமும் அப்படியே. பல நாள் மழையில் மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி அருகே ஒரு முகாம் தளத்தின் மேல் சரிந்த மண், உறங்கிக்கொண்டிருந்த 31 பேரின் உயிரைப் பறித்தது. சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், இதுவரை இல்லாத இடத்தில் கசியும் கலங்கல் நீர் கண்டால் அன்றைய முகாம் வேண்டாம். தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்றும் பாருங்கள். வனக்காப்புக் காட்டுக்குள் போக வனத்துறையின் பெர்மிட் வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே கவனித்துவிடுங்கள்.

மைலோவும் வெந்நீர் பாட்டிலும்

படுக்கும் முன் ஒரு கப் மைலோ நல்லது, ஆனால் அதன் சூட்டுக்காக அல்ல. 60 டிகிரியில் 250 மில்லி குடித்தால் உடலுக்குக் கிடைக்கும் வெப்பம் 24 கிலோஜூல். அதே கப்பில் பாலும் சர்க்கரையுமாக 150 கலோரி இருந்தால் அது 600 கிலோஜூலுக்கு மேல். பசியோடு படுத்தவர் முதலில் நடுங்குவது இதனால்தான். வெந்நீர் பாட்டிலின் கணக்கு வேறு: ஒரு லிட்டர் நீர் 70 டிகிரியிலிருந்து 35க்கு ஆறும்போது 146 கிலோஜூல் தரும். காலுறைக்குள் செருகித் தொடைகளின் நடுவே வைக்கலாம். மினரல் வாட்டர் பாட்டில் அந்தச் சூட்டில் சுருங்கிவிடும், தடித்த பாட்டில் வேண்டும். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க 15 கிராம் அளவு கேஸ் செலவாகும், அடுப்பு எப்போதும் கூடாரத்துக்கு வெளியே. மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் சேரும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ ஆபத்து. கூட்டத்தில் ஒருவர் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால், அவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வதை ஏற்க வேண்டாம். ஈர உடை முழுவதையும் கழற்றி, துடைத்து, உலர்ந்த உடை போட்டு, இரண்டு பாய்களின் மேல் படுக்கவைத்து, இரு பக்கமும் உலர்ந்த உடையில் இருவர் ஒட்டிப் படுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம். உடல் சூடேறாமலேயே நடுக்கம் நின்று, பேச்சும் மங்கினால், விடியும்வரை காத்திருக்காமல் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இருவரை அனுப்பி 999ஐ அழையுங்கள்.