சவ்வு கிழிந்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன ஆகிறது?

மாடிப்படி ஏற முடியவில்லை, கொஞ்சம் ஓடினாலே களைப்பு, கை கால் வலு குறைந்துகொண்டே வருகிறது. இப்படி வரும் குழந்தைக்குத் தசைச்சிதைவு நோய் இருக்கலாம், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் நோயும் இருக்கலாம். தொடங்கும் இடத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தசை செல் எப்படிச் சாகிறது என்று பார்த்தால்தான் உறவு தெரிகிறது.

தசைச்சிதைவு என்பது ஒரே நோயல்ல, பல நோய்கள் சேர்ந்த பெரிய குடும்பம். அதில் பலரும் கேள்விப்பட்டது டியூஷேன் வகை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஸ்ட்ரோபின் மரபணு பழுதாவதால் வருவது. நம் மரபணுக்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று இது, 20 லட்சம் எழுத்துகளுக்கும் மேல். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் நோய் பெரும்பாலும் பையன்களுக்கே வருகிறது. டிஸ்ட்ரோபின் புரதம் வண்டியின் ஷாக் அப்சார்பர் மாதிரி, தசை சுருங்கும்போது செல் சவ்வின் மேல் விழும் இழுவையைத் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் நடக்கும்போதும் ஓடும்போதும் சவ்வில் சின்னச் சின்னக் கிழிசல்கள் விழுகின்றன. உள்ளே இருக்க வேண்டிய சி.பி.கே. என்ற என்சைம் ரத்தத்தில் கசிகிறது. சி.பி.கே. பரிசோதனையில் அளவு இயல்பைப்போல் 10 மடங்கு, சில சமயம் 100 மடங்கு என்று எகிறுவது இதனால்தான்.

மைட்டோகாண்ட்ரியா நோயில் சவ்வு பொதுவாக நன்றாகவே இருக்கிறது. செல்லுக்கு வேண்டிய ஆற்றல்தான் கிடைப்பதில்லை. அதனால் சி.பி.கே. பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கும். ஆற்றல் உற்பத்தி சரியாக நடக்காதபோது ரத்தத்தில் சேரும் லாக்டேட்தான் பல நேரம் ஏறும். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், தாய்வழி மட்டுமே வருவது. நோயாளிகளின் தசையில் இந்த டி.என்.ஏ.வில் ஒரு துண்டே காணாமல் போயிருப்பதை இயன் ஹோல்ட், அனிதா ஹார்டிங், ஜான் மார்கன்-ஹியூஸ் மூவரும் 1988-இல் லண்டனில் காட்டினார்கள். ஆனாலும் 'தாயிடமிருந்து வரும் நோய்' என்று முத்திரை குத்திவிடக் கூடாது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உட்கரு மரபணுக்களிலிருந்து வருகின்றன. அங்கே பழுது என்றால் தாய், தந்தை இருவர் வழியாகவும் நோய் வரலாம்.

சரி, இரண்டும் எங்கே சந்திக்கின்றன? கால்சியத்தில். சவ்வு பலவீனமானதும் வெளியே இருக்கும் கால்சியம் செல்லுக்குள் புகுகிறது. மைட்டோகாண்ட்ரியா அதை இழுத்துத் தன்னுள் வைத்துச் சமாளிக்கிறது. ஓர் அளவைத் தாண்டினால் அதன் உட்சவ்வில் ஒரு துளை திறந்துகொள்ளும். ஆற்றல் உற்பத்தி நின்று, மைட்டோகாண்ட்ரியா ஊதி வெடிக்க, செல் சாகிறது. தசைச்சிதைவில் மைட்டோகாண்ட்ரியா அடிவாங்கும் பொருள் மட்டுமல்ல, கடைசியில் செல்லைக் கொல்வதும் அதுவே.

இத்தாலியின் படுவா நகர ஆய்வாளர்கள் 2003-இல் இதை எலிகளில் காட்டினார்கள். அந்த எலிகளுக்குக் குறை, செல்லுக்கு வெளியே இருக்கும் கொலாஜன்-6 என்ற புரதத்தில். அப்படியிருந்தும் மைட்டோகாண்ட்ரியாவின் துளையைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கொடுத்ததும் தசை தேறியது. அடிப்படைக் குறையை யாரும் தொடவே இல்லை! ஆனால் எலிக்கு நடந்தது பிள்ளைகளுக்கு நடக்கவில்லை. டியூஷேன் சிறுவர்களுக்குச் சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்த்த சோதனையில் தசை வலிமை கூடவில்லை. மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைத்த ஐடபெனோன் மருந்தின் பெரிய சோதனையும் பலனில்லை என்று 2020-இல் நிறுத்தப்பட்டது. நோய் முற்றிய தசையில் ஏற்கெனவே நாரும் கொழுப்பும் இடம்பிடித்திருக்கும். துளையை மட்டும் அடைத்து அதைத் திருப்ப முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு பெயரும் பொருந்துகிற ஓர் அரிய நோயும் உண்டு. கோலின் கைனேஸ் பீட்டா என்ற என்சைம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு வருவது. சவ்வுகளுக்கு வேண்டிய ஒரு கொழுப்பைச் செய்யும் வேலையில் முதல் படி இந்த என்சைமுடையது. அது தடைபட, தசை நாரின் நடுவில் மைட்டோகாண்ட்ரியாவே இருக்காது. ஓரத்தில் மட்டும் பூதாகரமாக ஊதி நிற்கும். பட்டியலில் இது பிறவித் தசைச்சிதைவு. நுண்ணோக்கியில் பார்த்தாலோ மைட்டோகாண்ட்ரியா நோய்.

மருத்துவமனையில் இந்தப் பாகுபாட்டுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. டியூஷேன் சிறுவர்களுக்கு ஸ்டீராய்டு பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது, நடக்கும் காலமும் நீள்கிறது. மைட்டோகாண்ட்ரியா நோயில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அதிலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை நகலெடுக்கும் என்சைமுக்கான போல்-ஜி (POLG) மரபணுவில் பழுது இருந்தால், வலிப்புக்குச் சாதாரணமாகத் தரும் வால்ப்ரோயேட் மாத்திரை கல்லீரலையே செயலிழக்க வைத்துவிடலாம். அதனால் தசை பலவீனத்தோடு வலிப்பும் இருக்கிற பிள்ளைக்கு அந்த மாத்திரையை எழுதுவதற்கு முன் மரபணுப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.