கோச் தருவதாகச் சொல்லும் பணம் யாருடையது?

மார்ச், ஏப்ரல் என்றால் வரிக் கணக்கு வேலையே எனக்குத் தலைக்கு மேல் இருக்கும். அதற்கு நடுவில்தான் இந்த போன்களும் வரும். "சார், பொண்ணுக்கு டென்னிஸ்ல ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு. வருஷத்துக்கு 30,000 டாலர். கோச்சே பேசினார்!" எந்தக் கல்லூரி என்று கேட்டால், அமெரிக்காவின் ஓஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ ஆயிரம் சொச்சம் பிள்ளைகள் படிக்கும் ஒரு சின்னத் தனியார் கல்லூரியின் பெயரைச் சொல்வார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ என்ற சங்கத்தின் மூன்று பிரிவுகளில் மூன்றாம் டிவிஷன். மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. "அதான் 30,000 குடுக்கறாங்களே சார்" என்பார்கள்.

போன வாரம் பேசியவர் இதற்கும் ஒரு படி மேல். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் என்னைக் கூப்பிடுகிறார். கடிதத்தை அனுப்பச் சொல்லிப் படித்தேன். ட்யூஷன், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 64,000 டாலர். "டீன்ஸ் அவார்ட்" 30,000. கட்ட வேண்டியது 34,000. வேண்டாம் என்று சொன்ன இடத்தில் 29,000-க்குள் முடிந்திருக்கும். கடிதத்தில் டென்னிஸ் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. இருக்கவும் முடியாது.

சிறு கல்லூரிகளின் கணக்கைத் தணிக்கை செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் டிவிஷன் கல்லூரிகள் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது. இது விதி. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஏறக்குறைய 2 லட்சம் விளையாட்டு வீரர்கள், என்சிஏஏவிலேயே பெரிய டிவிஷன் இதுதான். விளையாடுகிறாளா, எவ்வளவு நன்றாக விளையாடுகிறாள் என்பதை வைத்து உதவித்தொகையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உங்கள் மகளுக்கு வந்த அதே 30,000, அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பித்து, மட்டையைக் கையாலேயே தொடாத பிள்ளைக்கும் வந்திருக்கும். செப்டம்பரில் டீமை விட்டு விலகினாலும் அந்தப் பணம் போகாது. இதை நான் சொன்னால் பெற்றோருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. உண்மையில் இது நல்ல செய்தி. முழங்கால் போனாலும் படிப்பு நிற்காது.

அப்படியானால் அந்த 30,000 எங்கிருந்து வருகிறது? எங்கிருந்தும் வரவில்லை. இதைத்தான் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆடித் தள்ளுபடியில் 4,000 ரூபாய் சேலையை 1,800-க்குக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு 2,200 லாபம்" என்று கடைக்காரர் சொன்னால், அந்த 2,200-ஐ அவர் கல்லாவிலிருந்து எடுத்து உங்களிடம் கொடுத்தார் என்றா நினைப்பீர்கள்? அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் சராசரித் தள்ளுபடி, ட்யூஷனில் சுமார் 56 சதவீதம். கல்லூரி நிதி அலுவலர்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இது. சராசரியே பாதிக்கும் மேல் என்றால், பல கல்லூரிகளில் முழுவிலை கட்டுகிற ஆள் அரிதிலும் அரிது.

வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர் மாதிரி இடங்களில் கதை வேறு. அவையும் மூன்றாம் டிவிஷன்தான், சின்னக் கல்லூரிகள்தான். ஆனால் அறக்கட்டளை நிதி மலைபோல இருக்கிறது. அதன் வருமானத்திலிருந்து உண்மையான பணம் எடுத்து, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். உங்களுக்குக் கடிதம் அனுப்பிய கல்லூரியில் அப்படி நிதி இல்லை. கணக்குப் புத்தகத்தில் 64,000 வரவு எழுதி, அடுத்த வரியிலேயே 30,000 கழித்து, நிகர வருமானம் 34,000 என்று காட்டுகிறார்கள். (நாங்கள் தணிக்கையில் பார்ப்பதும் அந்த நிகரத்தைத்தான். கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையை எந்த ஆடிட்டரும் சீண்டமாட்டார்.)

இன்னொன்று. அந்த 30,000 நாலு வருடமும் 30,000-ஆகவே இருக்கும். கட்டணம் இருக்காது. வருடம் 4 சதவீதம் ஏறினால் 64,000 நாலாம் வருடம் 72,000 ஆகும். நீங்கள் கட்டுவது 34,000-இல் ஆரம்பித்து 42,000-இல் முடியும். சேர்க்கை அலுவலரிடம் இதைக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லிவிடுவார். யாரும் கேட்பதில்லை.

"அப்போ இரண்டாம் டிவிஷன்?" அங்கேயும், என்ஏஐஏ என்ற இன்னொரு விளையாட்டுச் சங்கத்தின் கல்லூரிகளிலும் விளையாட்டு உதவித்தொகை உண்டு. ஆனால் அது துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிற பணம். இரண்டாம் டிவிஷனில் ஆண்கள் டென்னிஸ் டீம் முழுவதற்கும் சேர்த்து உச்சவரம்பு நாலரை ஸ்காலர்ஷிப், பெண்களுக்கு ஆறு. வரம்பு வரை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்துப் பேருக்குப் பிரித்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 2025 ஜூனில், வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்து, பெரிய பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தன் வீரர்களுக்கு மொத்தமாக வருடம் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனதும், எனக்கு வரும் போன்கள் இன்னும் மோசமாகிவிட்டன. அது ஒஹையோ ஸ்டேட், அலபாமா விவகாரம் ஐயா. டிவி வருமானம் உள்ளவர்கள் கதை. ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் அப்படி வருமானம் கிடையாது.

சரி, பணமே தர முடியாத கோச் எதற்காக உங்கள் பிள்ளைக்கு வாரம் மூன்று தடவை மெசேஜ் அனுப்புகிறார்? ஏனென்றால் ஆள் சேர்ப்பதுதான் அவர் வேலையில் பாதி. மிச்சிகனில் ஏட்ரியன் கல்லூரி 2005-க்குப் பிறகு இதை ஒரு தொழில் முறையாகவே செய்து காட்டியது. புதுப்புது டீம்கள், புது மைதானங்கள், ஒவ்வொரு கோச்சுக்கும் இத்தனை மாணவர்களைக் கொண்டுவர வேண்டும் என்ற இலக்கு. சில வருடங்களில் மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதைப் பார்த்து நாடெங்கும் சின்னக் கல்லூரிகள் லக்ராஸ், மல்யுத்தம், பௌலிங், இஸ்போர்ட்ஸ் என்று டீம்களை அடுக்கின.

கணக்கு பார்த்தால் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஒரு பேச்சுக்கு, சாக்கர் டீமில் 40 பேர், தள்ளுபடி போக ஆளுக்கு நிகரமாக 18,000 டாலர். ஏழு லட்சத்து இருபதாயிரம். கோச் சம்பளம், உதவியாளர், பஸ், சீருடை, நடுவர் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் போனாலும் மீதி லாபம். மைதானத்தில் ஒரே நேரத்தில் 11 பேர்தானே விளையாட முடியும், எதற்கு 40 பேர் என்று யோசிக்கிறீர்களா? பெஞ்சில் உட்காரும் 29 பேரும் ஃபீஸ் கட்டுகிறார்கள். அதற்குத்தான்.

ஆனால் அந்த 40 பேரில் எத்தனை பேர் டீம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள், எத்தனை பேர் இரண்டாம் வருடம் தொடர்கிறார்கள், செயற்கைப் புல் மைதானத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு என்ற கேள்விகளை அந்தக் கணக்கு கேட்பதில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் டீமைப் புதிதாகச் சேர்த்த கல்லூரிகளை ஒப்பிட்டு 2024-இல் வந்த ஓர் ஆய்வு, ஆரம்பத்தில் சேர்க்கை கொஞ்சம் கூடுகிறது, அது நிலைக்கவில்லை என்றது. நான் பார்த்த புத்தகங்களும் அதையே சொல்கின்றன. எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி, 2,100 மாணவியரில் 80 பேருக்காக வருடம் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் செலவாகிறது என்று பார்த்து, 2012-இல் என்சிஏஏ போட்டிகளையே விட்டுவிட முடிவெடுத்து, அந்தப் பணத்தை எல்லா மாணவியரின் உடல்நலத் திட்டத்துக்குத் திருப்பியது. அதற்கும் தைரியம் வேண்டும்.

பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரியைப் பற்றி ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்கிறேன். அலபாமாவில் 1856-இல் தொடங்கியது. முதல் டிவிஷனில் செலவு தாங்காமல் 2006-இல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க முடிவு செய்தது. இறங்கும்போதே ஃபுட்பால் டீமையும் சேர்த்துக்கொண்டது. 2010-இல் உதவித்தொகைக் கணக்கிலேயே பெரிய பிழை இருப்பது வெளியே வந்தது. கடைசியில் மாநிலத்திடம் 3 கோடி டாலர் கடன் கேட்டது, கிடைக்கவில்லை. 2024 மே 31-ஆம் தேதி கல்லூரி மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் டீம் ஓஹையோவில் மூன்றாம் டிவிஷன் உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. டீம் ஜெயிக்கிறது, அதனால் கல்லூரி நன்றாக இருக்கிறது என்று நினைக்கும் அப்பாக்களே, இதை இரண்டு முறை படியுங்கள். அதே 2024-இல் ஓஹையோவின் நோட்ரடாம் கல்லூரியும், 2025-இல் தென் கரோலைனாவின் லைம்ஸ்டோன் பல்கலைக்கழகமும் மூடின. இரண்டுமே இரண்டாம் டிவிஷன். (அந்த நோட்ரடாம் வேறு, இண்டியானாவின் பிரபல நோட்ரடாம் வேறு.)

இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க முடியாதா என்றால், முடியும். இலவசமாக. லாப நோக்கமற்ற தனியார் கல்லூரி ஒவ்வொன்றும் வருமான வரித்துறைக்குப் படிவம் 990 தாக்கல் செய்கிறது. அது பொது ஆவணம். முதல் பக்கத்தில் 19-ஆம் வரி: வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம். மூன்று வருடம் தொடர்ந்து கழித்தல் குறி இருந்தால் அந்தக் கல்லூரியின் டீ-ஷர்ட் வாங்காதீர்கள். (மத அமைப்புகள் நடத்தும் சில கல்லூரிகளுக்கு விலக்கு உண்டு. தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.) மத்தியக் கல்வித்துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் நிதிப் பொறுப்பு மதிப்பெண் போடுகிறது. மைனஸ் 1-இலிருந்து 3 வரை. 1.5-க்குக் கீழே என்றால் என்னைக் கூப்பிடுங்கள், 1-க்கும் கீழே என்றால் கூப்பிடவே வேண்டாம், வேறு கல்லூரி பாருங்கள்.

1994-ஆம் வருடச் சட்டப்படி விளையாட்டு வரவு செலவையும் கல்லூரிகள் ஆண்டுதோறும் கல்வித்துறைக்குக் கொடுக்கின்றன. டீமில் எத்தனை பேர், ஆள் சேர்க்க எவ்வளவு செலவு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பல சின்னக் கல்லூரிகளில் விளையாட்டு வருமானமும் செலவும் டாலர் சுத்தமாகச் சமமாக இருக்கும். அதைப் பார்த்து "கையைக் கடிக்கவில்லையே" என்று ஒரு நண்பர் எனக்கே பாடம் எடுத்தார். செலவுக்குக் குறையும் தொகையைக் கல்லூரியே பொது நிதியிலிருந்து போட்டு, அதையும் வருமானம் என்று எழுதுகிறார்கள் ஐயா. பொது நிதி என்பது பெரும்பாலும் நீங்கள் கட்டும் ட்யூஷன்தான். அந்த அறிக்கையில் உங்களுக்குத் தேவையான எண் ஒன்றே ஒன்று, டீமில் எத்தனை பேர் என்பது.

கோச்சிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த வருடம் எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள், போன வருடம் சேர்த்தவர்களில் எத்தனை பேர் இன்னும் டீமில் இருக்கிறார்கள், நீங்கள் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள். உதவித்தொகையைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், அது அவர் கையில் இல்லை. நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்: நாலு வருடமும் உண்டா, ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) எவ்வளவுக்குக் குறைந்தால் நிற்கும். பள்ளி ஜிம்மில் தொப்பி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டு போட்டோ எடுக்கிறார்களே, மூன்றாம் டிவிஷனில் அந்தக் காகிதம் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் எர்லி டிசிஷன் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். கோச் "எர்லி டிசிஷன் போட்டா நல்லது" என்று சொன்ன மாத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விலையை அப்புறம் பார்க்காதீர்கள். கல்லூரியின் வலைத்தளத்தில் தள்ளுபடி போக நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் நிகரச் செலவுக் கணிப்பான் இருந்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. இருபது நிமிட வேலை. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஏஜென்ட் மூலம் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்கு: கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று ஒருவர் பேசினால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். என்சிஏஏ விதிப்படி அது கூடாது, பிள்ளையின் தகுதியே போகலாம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கிடைக்கும் உதவித்தொகை வரிக்கு உட்பட்டது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு அதில் 14 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவில் சலுகை உண்டு, ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும்.

கடைசியாகக் காப்பீடு. கல்லூரியின் விளையாட்டுக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் காப்பீட்டுக்குப் பிறகுதான் வரும். மிகக் கடுமையான காயங்களுக்கான என்சிஏஏ காப்பீடு, செலவு 90,000 டாலரைத் தாண்டிய பிறகு. குறிப்பிட்ட மருத்துவமனைகளில் மட்டும் செல்லும் நியூ ஜெர்சி எச்எம்ஓ காப்பீட்டுக் கார்டை வைத்துக்கொண்டு ஐயோவாவில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்தால் பில் வீட்டுக்கு வரும். ஆகஸ்டில் பெட்டி கட்டுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு, கல்லூரி இருக்கும் ஊரில் எந்த மருத்துவமனை என்று கேட்டுவிடுங்கள். டெபாசிட்டுக்கு மே 1 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் கடிதங்களை எல்லாம், கோச் அனுப்பியது இல்லை, நிதியுதவி அலுவலகம் அனுப்பியதை, எனக்கு அனுப்பி வையுங்கள். தயவுசெய்து, மற்ற இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால்.